பழைய மூன்று கியர் சைக்கிளை வாங்கிச் சீர்செய்தல்: எங்கிருந்து தொடங்குவது?

தடம்தேடி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஈரமான கொட்டகை ஒன்றில் பல ஆண்டுகளாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்த பழைய ராலே சைக்கிள் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அடர்பச்சை வண்ணம், எஃகு ஃபிரேம், பின்சக்கரத்தின் நடுவில், கியர்கள் உள்ளேயே அடங்கிய ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப். டயர்களின் பக்கச்சுவர் வெடித்து நூல் தெரிகிறது. ஹேண்டில்பாரிலும் ரிம்களிலும் குரோமியத்தின் மேல் துருப்புள்ளிகள் பரவியிருக்கின்றன. சீட் கம்பி அசையவே மாட்டேன் என்கிறது. பெடல் மாட்டியிருக்கும் கிராங்கைப் பிடித்து ஆட்டினால் லேசாக ஆட்டம் தெரிகிறது. விற்பவரோ, காற்றடித்தால் போதும், ஓடிவிடும் என்கிறார்.

வாங்கியவுடன் பழைய பெயின்டை முழுவதும் உரித்துப் புதிதாக அடித்துவிட்டு, அதன்பிறகு உதிரி பாகங்களைக் கவனிக்கலாம் என்பது என் எண்ணம். இந்த வரிசை சரிதானா? எந்தக் குறை இருந்தால் இப்படிப்பட்ட வண்டியை வாங்காமல் விட்டுவிட வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆரக்கால் எழுதியது:

பெயின்டைப் பற்றிப் பிறகு பேசுவோம். நீங்கள் பட்டியலிட்ட குறைகளில் டயர், துரு, கிராங்க் ஆட்டம் ஆகிய மூன்றும் என் கணக்கில் குறைகளே அல்ல; பழைய சைக்கிள் என்றால் அவை இருக்கத்தான் செய்யும். டயர், ட்யூப், பிரேக் கட்டை, கேபிள், பால்ரஸ் எல்லாம் எப்படியும் மாற்ற வேண்டியவையே. ஃபிரேமும் ஃபோர்க்கும் நேராக இருக்கின்றனவா என்பதை வைத்தே வாங்குவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய வேண்டும்.

முதலில், ஹேண்டில்பார் கம்பி இறங்கும் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல்குழாய், கீழ்க்குழாய் இரண்டின் அடிப்பக்கத்தையும் விரல்நுனியால் தடவிப் பாருங்கள். வண்டி எதிலாவது நேருக்கு நேர் மோதியிருந்தால் அந்த இடத்தில் குழாய் மெல்லியதாக மடிந்து, பெயின்டில் சுருக்கம் விழுந்திருக்கும். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. அடுத்து, பக்கவாட்டில் நின்று ஃபோர்க்கைப் பாருங்கள். ஃபோர்க்கின் கால்கள் தலைக்குழாயின் கோட்டிலேயே இறங்கி, கீழே மட்டும் முன்னோக்கி வளைய வேண்டும்; மேலேயே பின்பக்கமாகத் தள்ளப்பட்டதுபோல் தெரிந்தால் அது மோதலின் அடையாளம்.

பிறகு நூல் சோதனை. பின்சக்கரம் மாட்டும் பிளவு ஒன்றில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கப் பிளவில் இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்தால் ஏறத்தாழ ஒன்றாக வர வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் பின்பகுதி ஒரு பக்கம் வளைந்திருக்கிறது என்று பொருள். எஃகு என்பதால் அதையும் நிமிர்த்தலாம் என்றாலும், முதல் வண்டியிலேயே அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, கிராங்க் அச்சு செல்லும் கூட்டைச் சுற்றிலும், பின்சக்கரப் பிளவுகளிலும், சீட் கம்பியை இறுக்கும் காதுகளிலும் வெடிப்பு இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்டின் மேல் மயிரிழைபோல் ஒரு துருக்கோடு ஓடினால், அடியில் உலோகம் விரிசல் விட்டிருக்கலாம்.

வெயில்நிழல் எழுதியது:

ஆரக்கால் சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால், வண்டி உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். எவ்வளவு அழகாகச் சீர்செய்தாலும் அளவு பொருந்தாத சைக்கிள் சுவரில்தான் சாய்ந்திருக்கும். மேல்குழாய்க்கு இருபுறமும் கால் ஊன்றி நிற்கும்போது உடலுக்கும் குழாய்க்கும் இடையில் கொஞ்சமாவது இடம் இருக்க வேண்டும். சீட்டை மேலே ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் உங்கள் சீட் கம்பி இப்போது இறுகிக் கிடக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

இன்னொன்று, ஃபிரேமில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, வண்டி விற்பவருக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள். எண்ணை அரத்தால் தேய்த்திருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

தடம்தேடி எழுதியது:

இருவருக்கும் நன்றி. மறுபடியும் போய்ப் பார்த்து, வாங்கியும் விட்டேன். குழாய்களில் சுருக்கம் எதுவும் இல்லை, ஃபோர்க் நேராக இருக்கிறது, நூல் சோதனையில் இரு பக்கமும் ஒரே அளவு வந்தது. உயரமும் பொருந்துகிறது. வரிசை எண் தெளிவாக இருக்கிறது. விற்றவர் தம் தந்தை ஓட்டிய வண்டி என்று சொல்லி, அவர் அதோடு நிற்கும் பழைய புகைப்படத்தையும் காட்டினார்.

பின் ஹப்பின் மேல் படிந்திருந்த அழுக்கைத் துணியால் துடைத்தபோது, ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளும் பக்கத்தில் 63 7 என்ற எண்களும் தெரிந்தன. வண்டி 1963-இல் செய்யப்பட்டது என்று இதை எடுத்துக்கொள்ளலாமா? கிராங்க் ஆட்டத்தை எப்படிச் சரிசெய்வது? சுத்தியலால் காட்டர் பின்னைத் தட்டினால் வந்துவிடும் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார்.

மரைகுறடு எழுதியது:

தயவுசெய்து சுத்தியலைக் கீழே வையுங்கள். இந்த வண்டியில் மிக எளிதாகப் பாழாகக்கூடிய இடமே அதுதான்.

காட்டர் பின் என்பது ஒரு பக்கம் சாய்வாகச் சீவப்பட்ட ஆணி. கிராங்கின் துளை வழியாக நுழைந்து, அச்சில் வெட்டியுள்ள தட்டையான பள்ளத்தில் ஆப்புபோல் இறுகி நிற்கும். மரை உள்ள முனையில் அடித்துத்தான் அதை வெளியே தள்ள வேண்டும். கிராங்குக்கு அடியில் தாங்கல் எதுவும் இல்லாமல் அடித்தால், அந்த அடி முழுவதும் அச்சு வழியாகப் பால்ரஸுக்கும் அது உருளும் கிண்ணமான கப்புக்கும் போய், கப்பின் ஓடுபாதையில் குழிகள் விழும். பின்னுடைய மரையும் நசுங்கி, நட்டு திரும்ப ஏறாமல் போய்விடும்.

முதலில் துரு இளக்கும் எண்ணெயை இருபுறமும் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். பின்னை அழுத்தித் தள்ளுவதற்கென்றே உள்ள திருகு அழுத்தி கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. கிடைக்காவிட்டால், பின்னின் தலை உள்ளே போகும் அளவு துளையுள்ள கனமான இரும்புக் குழாய் ஒன்றைத் தரையிலிருந்து கிராங்கின் அடிவரை எட்டும் உயரத்துக்கு வெட்டி, கிராங்க் அதன் மேல் உறுதியாக உட்காரும்படி நிறுத்துங்கள். நட்டை முழுவதும் கழற்றாமல், அதன் மேல்விளிம்பு பின்னின் முனையோடு சமமாக நிற்கும்வரை தளர்த்துங்கள். மரையை அது காக்கும். அதன்பிறகு கனமான சுத்தியலால் நேராக, தயங்காமல் ஒரே அடி. சின்னச் சுத்தியலால் பலமுறை தட்டுவதுதான் பின்னின் முனையைக் காளான்போல் விரித்துவிடுகிறது. எதற்கும் அசையாவிட்டால் துளையிட்டு எடுக்க வேண்டியதுதான்.

புதுப் பின் வாங்கும்போது விட்டத்தை அளந்து வாங்குங்கள். ஆங்கிலேய வண்டிகளில் பெரும்பாலும் 9.5 மி.மீ. இருக்கும், வேறு வண்டிகளில் 9 மி.மீ. உண்டு. இரண்டு பின்களையும் ஒரே அளவுக்கு அரத்தால் சீவ வேண்டும், இல்லாவிட்டால் இரு கிராங்குகளும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. வலப்புறக் கிராங்க் முன்னோக்கி இருக்கும்போது அதன் காட்டர் பின் மேலிருந்து கீழாக இறங்கியிருந்தால், இடப்புறக் கிராங்கை முன்னோக்கித் திருப்பும்போது அதன் பின்னும் அவ்வாறே இறங்கியிருக்க வேண்டும்.

அச்சுக்கூட்டைத் திறக்கும்போது இடப்புறத்துப் பூட்டுவளையத்தையும் கப்பையும் மட்டும் கழற்றுங்கள். வலப்புறக் கப்பில் இடமரை என்பதால், வழக்கமான திசையில் திருகினால் அது இன்னும் இறுகும். அதை இருந்த இடத்திலேயே விட்டு, உள்ளே துடைத்து, ஓடுபாதை வழவழப்பாக இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தால் போதும். ராலே பழைய வண்டிகளில் தனக்கென்று அங்குலத்துக்கு 26 மரை வைத்தது. மற்ற ஆங்கிலேய வண்டிகளின் கப்பில் 24 மரை. ஆகவே பொதுவான புதுக் கப்பு உங்கள் கூட்டில் ஏறாது. பழைய கப்புகளைப் பொன்போலக் காப்பாற்றச் சொல்வது இதனால்தான். பால்ரஸை மட்டும் புதிதாகப் போடுங்கள். பக்கத்துக்கு 11 என்ற கணக்கில் கால் அங்குல அளவு. தேய்ந்த பழைய பால்ரஸோடு புதியதைக் கலக்க வேண்டாம்.

ஆரக்கால் எழுதியது:

ஹப்பில் உள்ள எண்களைப் பற்றிச் சொல்கிறேன். 63 என்பது ஆண்டு, 7 என்பது மாதம். அதாவது அந்த ஹப் 1963 ஜூலையில் செய்யப்பட்டது. இடையில் யாரும் பின்சக்கரத்தை மாற்றவில்லை என்றால் வண்டியும் அதையொட்டிய காலத்ததாக இருக்கும். இந்த ஏ.டபிள்யூ. வகை 1936-இல் வந்தது. நடு கியரில் சக்கரம் பற்சக்கரத்தோடு நேராகச் சுற்றும், முதல் கியரில் அதில் முக்கால் பங்கு, மூன்றாவதில் அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். உள்ளே உள்ள பாகங்கள் எளிதில் தேய்வதில்லை. நின்றுபோனதாகத் தோன்றும் ஹப்களில் பெரும்பாலானவை எண்ணெய் காய்ந்து பிசின்போல் ஒட்டிக்கொண்டவையே. ஆகவே அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். ஹப்பின் உடலில் உள்ள சிறிய மூடியைத் திறந்து, மெல்லிய இயந்திர எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு நாள் விட்டுவைத்து, பழைய கசடு வெளியே வந்தபின் மறுபடியும் சில சொட்டுகள் விடுங்கள். காய்ந்தால் பசையாக மாறும் தாவர எண்ணெய் எதுவும் இதற்குள் போகக் கூடாது.

அதைவிட முக்கியம் கேபிளைச் சரியான அளவில் வைப்பது. கியர் நெம்புகோலை இரண்டாம் இடத்தில் வைத்துவிட்டு, செயின் பக்கத்து அச்சு நட்டில் உள்ள சிறு துளை வழியாகப் பாருங்கள். சின்னச் சங்கிலி பூட்டியிருக்கும் கம்பியின் தோள், அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். அந்த அளவு தவறினால் இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கு இடையில் எதிலும் பிடிக்காத ஓர் இடம் வரும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது அதில் சிக்கினால் பெடல் வெறுமனே முன்னால் விழுந்து, ஓட்டுபவரும் கூடவே விழுவார்.

காதையும் நம்பலாம். நல்ல நிலையில் உள்ள ஏ.டபிள்யூ. ஹப், இரண்டாம், மூன்றாம் கியர்களில் மிதிக்கும்போது சீராக டிக் டிக் என்று ஒலிக்கும், முதல் கியரில் அமைதியாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஒலி அது.

சீட் கம்பிக்கும் அதே துரு இளக்கும் எண்ணெய்தான். அச்சுக்கூட்டைத் திறந்தபின் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சீட் குழாயின் கீழ்வாய் வழியாகவும் விடுங்கள். கம்பியை மேலே இழுக்கப் பார்க்காதீர்கள், திருப்பப் பாருங்கள். கம்பியின் மேல்முனையை மேசைக் குறட்டில் இறுக்கிவிட்டு, ஃபிரேமையே நெம்புகோலாக்கி இரு பக்கமும் மெல்லத் திருப்பினால் பெரும்பாலும் இளகும். ஒரு மில்லிமீட்டர் அசைந்துவிட்டால் மிச்சம் தானாக வரும்.

தடம்தேடி எழுதியது:

காட்டர் பின்கள் இரண்டும் வெளியே வந்துவிட்டன, சீட் கம்பியும் இளகிவிட்டது. ஃபிரேம் இப்போது கிட்டத்தட்ட வெறுமையாக இருப்பதால் மறுபடியும் கேட்கிறேன்: பெயின்டை உரிக்க இதுதானே சரியான நேரம்? கீழ்க்குழாயில் சில இடங்களில் பெயின்ட் போய்த் துரு தெரிகிறது. மற்றபடி தங்கநிறக் கோடுகளும் எழுத்துகளும் ஓரளவு இருக்கின்றன.

ஆரக்கால் எழுதியது:

கோடுகள் இருக்கின்றன என்றால், உரிக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. அந்தக் கோடுகளையும் எழுத்துகளையும் ஒருமுறை அழித்துவிட்டால், அந்த ஆண்டின் அந்த வண்டியாக அதை அடையாளம் காட்டும் பாதி விஷயம் போய்விடும். புதுப் பெயின்டை யாரும் எப்போதும் அடிக்கலாம், பழையதைத் திரும்ப வரவழைக்க யாராலும் முடியாது. ஈரத்துணியாலும் மென்மையான சோப்பாலும் கழுவி, துருவுள்ள இடங்களை மட்டும் சுத்தம் செய்து, மெழுகு பூசிப் பாருங்கள். அந்தப் பச்சை எவ்வளவு ஆழமாக எழும் என்பதைப் பார்த்தபிறகு முடிவெடுங்கள். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதையும் சொல்ல வேண்டும். உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்து அந்தத் தூசியை மூச்சில் இழுப்பது ஆபத்து. தேய்த்தே ஆக வேண்டுமென்றால் நீர் விட்டு, முகக்கவசத்தோடு, பிள்ளைகள் நடமாடாத இடத்தில் தேய்க்க வேண்டும்.

துருவுக்கு நீர்த்த ஆக்சாலிக் அமிலக் கரைசல் மிக நன்றாக வேலை செய்யும். எஃகை அதிகம் தாக்காமல் துருவைக் கரைத்துவிடும். அது விஷம் என்பதால் கையுறையும் கண்ணாடியும் அவசியம். தண்ணீரில்தான் அமிலத்தைப் போட வேண்டும். அலுமினியப் பாகங்களை அதில் இறக்க வேண்டாம். சில பெயின்டுகள் அதில் வெளுக்கும் என்பதால் மறைவான ஓர் இடத்தில் முதலில் சோதித்துவிடுங்கள். முடிந்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். உலரவிட்டு மறந்தால் மறுநாளே புதுத்துரு படரும்.

மரைகுறடு எழுதியது:

இதில் நான் ஆரக்காலோடு முழுவதும் உடன்படவில்லை. பழைய பெயின்ட் அழகுதான், ஆனால் பெயின்டின் வேலை இரும்பைக் காப்பது. கீழ்க்குழாயில் பெயின்ட் கொப்பளித்து, விரல் வைத்தால் செதில் செதிலாக உதிர்ந்தால், துரு அடியில் இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் மெழுகு பூசுவது நோயை மூடிவைப்பதற்குச் சமம். மழையில் தினமும் ஓட்டப்போகும் வண்டி என்றால் நான் உரித்துத்தான் அடிப்பேன். ஃபிரேமில் 531 என்ற ஒட்டுத்தாள் இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 1935-இல் வந்த அந்த ரெனால்ட்ஸ் குழாய்களின் நடுப்பகுதி மெல்லியது. அரைக்கும் இயந்திரத்தை அதன்மேல் வைப்பது பெரும் தவறு. உங்கள் வண்டி சாதாரண எஃகுக் குழாய் என்பதால் அந்தப் பயம் இல்லை.

வெயில்நிழல் எழுதியது:

ஒருவர் வண்டியை நினைவாகப் பார்க்கிறார், மற்றவர் வாகனமாகப் பார்க்கிறார். எதற்காக வைத்திருக்கப் போகிறோம் என்று தடம்தேடிதான் சொல்ல வேண்டும். எனக்குப் பெயின்டைவிடப் பிரேக்தான் கவலை. குரோமியம் பூசிய எஃகு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். காய்ந்த சாலையில் சட்டென்று நிற்கும் வண்டி மழையில் சறுக்கிக்கொண்டே போகும். புதுக் கட்டை, புதுக் கேபிள் இரண்டும் போட்டபின்னும் மழைநாளில் நிற்கும் தூரத்தை இரு மடங்காகவே கணக்கிட்டு ஓட்டுங்கள். அலுமினிய ரிம்முக்கு மாறினால் இந்தக் குறை பெருமளவு தீரும். ஆனால் அக்கால ஆங்கிலேய வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 ஸ்போக்ஸும் பின்சக்கரத்துக்கு 40-உம் இருந்தன. துளைக்கணக்குப் பார்க்காமல் ரிம் வாங்கிவிட வேண்டாம்.

டயர் வாங்கும்போது இன்னும் கவனம் தேவை. உங்கள் ரிம்முக்கு 26 × 1⅜ என்ற டயர். கணக்கில் 1½-உம் 1.5-உம் ஒன்றுதான், டயரில் ஒன்றல்ல. 26 × 1.75 என்று எழுதிய டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 559 மி.மீ., உங்களுடையது 590 மி.மீ. அதே 26 × 1⅜ என்ற எழுத்தோடு 597 மி.மீ. டயரும் உண்டு. ஆகவே அங்குல எண்ணை நம்பாமல், டயரின் பக்கத்தில் 37-590 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தடம்தேடி எழுதியது:

பெயின்டை இப்போதைக்கு உரிக்கவில்லை. கொப்பளித்த இடங்கள் இரண்டே. அவற்றை மட்டும் சுத்தம் செய்து, அடிப்பூச்சு அடித்து, நெருக்கமான பச்சையைத் தொட்டுவிட்டேன். மழையில் தினமும் ஓட்டும் எண்ணம் இல்லை. தங்கக் கோடுகள் மெழுகுக்குப் பிறகு நன்றாகவே தெரிகின்றன. செயினையும் அளந்தேன். 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 12⅛ வந்ததால், செயினோடு பின் பற்சக்கரத்தையும் மாற்றினேன். 18 பல் இருந்த இடத்தில் 22 பல் போட்டதால் மேடுகள் இப்போது எளிதாக இருக்கின்றன.

வண்டி ஓடுகிறது. ஒரே ஒரு சிக்கல்: சில நாள் ஓட்டியபின், பெடல் ஒரு சுற்று வரும்போதெல்லாம் இடப்பக்கத்தில் டக் என்று ஒரு தட்டல் கேட்கிறது. அச்சுக்கூட்டில் ஆட்டம் இல்லை.

மரைகுறடு எழுதியது:

பெரும்பாலும் இடப்புறக் காட்டர் பின்தான். இடக் கிராங்கைத் தரைக்கு இணையாக முன்னோக்கி வைத்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்துங்கள். பிறகு அதே கிராங்கைப் பின்னோக்கித் திருப்பி அழுத்துங்கள். இரண்டில் ஒன்றில் கிராங்க் அச்சின் மேல் சிறிது நழுவுவதைக் கையால் உணர முடிந்தால் பின் தளர்ந்திருக்கிறது. புதுப் பின் முதல் சில ஓட்டங்களில் அழுந்தி உட்காரும் என்பதால் இது இயல்பு. மறுபடியும் தாங்கல் வைத்து உள்ளே அழுத்திவிட்டு, அதன்பிறகே நட்டை இறுக்குங்கள். நட்டைக் கொண்டு பின்னை இழுக்கப் பார்த்தால் மரை உரிந்துவிடும். மறுபடியும் தட்டல் கேட்டால் பின்னைக் கழற்றி, சாய்வில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பின்னில் எதுவும் இல்லையென்றால், பெடலுக்குள் பால்ரஸைத் தாங்கும் கோனைப் பாருங்கள். இடப்பெடலில் இடமரை, கழற்றும்போது ஸ்பேனரை வலப்பக்கமாகத் திருப்ப வேண்டும்.

தடம்தேடி எழுதியது:

பின்தான். கழற்றிப் பார்த்தேன், சாய்வின் நடுவில் அச்சின் விளிம்பு பதிந்து ஒரு படிபோல் பள்ளம் விழுந்திருக்கிறது. நான் வாங்கிய பின்னின் இரும்பு மென்மையானதாக இருக்கலாம். அரம் அதில் வெண்ணெயில் போவதுபோல் போனது அப்போதே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கடினமான எஃகில் செய்த 9.5 மி.மீ. ஜோடி ஒன்றைத் தேடி வாங்கி, இரண்டையும் சேர்த்தே மாற்றப் போகிறேன். மாற்றியபின் தட்டல் நின்றதா என்பதை இதே இழையில் எழுதுகிறேன்.